கம்பெனி போட்ட தக்காளி

சந்தையின் பின்வாசலை அடைத்துவிட்டால், கூடையில் காய் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்கள் எங்கே போவார்கள்? சங்கத் தலைவி செண்பகவல்லியின் கோபமெல்லாம் அதுதான். அவளே அந்த வாசல் வழியாக வெங்காயம் சுமந்து, சண்டை போட்டு, பேரம் பேசி மண்டிக்காரி ஆனவள்.

அடைக்கச் சொன்னது, அங்கே மூன்று கடைகளை வாங்கிப் போட்டிருந்த ஒரு கம்பெனி. அதன் லாரிகள் நிற்க இடம் வேண்டுமாம். அதற்காகவே ஞானதுரை என்ற வியாபாரியைச் சங்கத் தேர்தலில் அவளுக்கு எதிராக நிறுத்தி, பேனர் என்ன, பிரியாணி என்ன, பணத்தைத் தண்ணீராய் இறைத்தது.

அந்தச் சந்தையில் வாக்குச்சீட்டு கிடையாது. உறுப்பினர் தன் சரக்கில் ஒன்றைத் தன் கையாலேயே வேட்பாளரின் கூடையில் போட வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. கால் ஒடிந்து கிடந்த பூசணி வியாபாரியையே அன்றைக்குக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். சமமானால் பழைய தலைவரே நீடிப்பார்.

கடைசியில் இரண்டு கூடையும் சமம். சந்தா கட்டி உறுப்பினராகியிருந்த கம்பெனியின் வாக்கு மட்டும் பாக்கி. அதன் மேலாளர் அருள்சோதி தக்காளியோடு எழுந்தான்.

"கம்பெனி என்ன மனுஷனா? அதுக்கு எதுக்கு ஓட்டு?" என்றார் எண்ணிக்கை பார்த்த முஸ்தபா பாய்.

"சட்டத்துல அதுவும் ஒரு ஆள்தான் பாய். சந்தா வாங்கும்போது மட்டும் இனிச்சுதோ?" என்று சிரித்தார் ஞானதுரை.

அருள்சோதி நேரே வந்து தக்காளியைச் செண்பகவல்லியின் கூடையில் போட்டான்!

"ஏலே, யாருக்குப் போடச் சொன்னாங்க, யாருக்குப் போடுத?" ஞானதுரை துள்ளினார்.

"சொன்னது கம்பெனி அண்ணாச்சி. கை என்னோடது. எங்கம்மாவும் கூடை சுமந்தவதான்."

பெண்கள் குலவையிட்டார்கள். செண்பகவல்லியோ தக்காளியை எடுத்து அவன் கையிலேயே திணித்தாள். "நான் ஏத்திவிட்ட சரக்கை லாரிக்காரன் நடுவுல எவனுக்கோ தள்ளிவிட்டா சும்மா விடுவேனா தம்பி? கொண்டு போ."

"அப்போ இதுல போடு!" ஞானதுரை தன் கூடையை நீட்டினார்.

வாக்கே இல்லை என்றார் ஒருவர். உண்டு, எனக்கே என்றார் இன்னொருவர். கை என்னுடையது என்றான் ஒருவன்; கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தாள் ஒருத்தி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? தக்காளி எந்தக் கூடைக்கு?

விடை: செண்பகவல்லி செய்ததே சரி. அருள்சோதிக்கு நல்ல மனசு. ஆனால் தக்காளி அவனுடையது அல்ல. சந்தா வாங்கிக்கொண்டு கம்பெனி ஆளே இல்லை என்பதும் அடாவடி. ஆளாகவே இருக்கட்டும். கால் ஒடிந்தவனுக்கே இல்லாத சலுகை அதற்கு மட்டும் எதற்கு? தானே வந்து, தன் கையால் போடட்டும்! கம்பெனி வரவில்லை. தக்காளி எந்தக் கூடையிலும் விழவில்லை, தலைவி நீடித்தாள். வேலை போய் வந்து நின்ற அருள்சோதியைத் தன் மண்டியிலேயே சேர்த்துக்கொண்டாள். சம்பளத்துக்கு அவள் பேரம் பேசிய சத்தம் சந்தை முழுக்கக் கேட்டது.