வெண்ணாவல் நாட்டின் கடைசிப் பட்டாளம்

சவரிநாதன் மாதா கோவில் சிலைகளான சுரூபங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர். அவரிடம் சீடராக இருந்தவர் கலிவரதன். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தாறு.

பஞ்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கலிவரதன் சுரூபம் தீட்ட வரவில்லை. முகம் தீட்டக் கற்றுக்கொள்ள வந்தார். அதுவும் விரல் உயரமுள்ள ஈயச் சிப்பாய்களின் முகம். ஏன் என்று அவர் சொன்னதில்லை. குருவும் கேட்டதில்லை. ஆறு வருடம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் காலை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“கொஞ்சம் தின்னர் வேணும் மாஸ்டர்.”

“எதுக்கு ஐயா?”

“இதுங்க உடம்புல இருக்கிற பச்சையைக் கழுவணும். கழுவிட்டுச் சிவப்பு அடிக்கணும்.”

டப்பாவில் இருபத்துநான்கு சிப்பாய்கள் இருந்தார்கள். முழங்கால் வரை பச்சை அங்கி. மார்பில் குறுக்கே வெள்ளை வார். தலையில் மூன்று முனைத் தொப்பி. எல்லாம் தீட்டியிருந்தது. முகத்தில் மட்டும் கறுப்பு அடிப்பூச்சு.

“யாரோட பட்டாளம்?”

“ஆதிமூலத்தோடது. வெண்ணாவல் நாடு.”

“அது எங்க இருக்கு?”

“எங்கயும் இல்ல. அவனும் நானும் கட்டின நாடு. அவனுக்கு வெண்ணாவல், எனக்கு அரவநாடு. ரெண்டு ராஜாவுக்கும் ஆகாது. ஊரை விட்டுப் போன வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருத்தர் அச்சு குடுத்துட்டுப் போனார். ஈயத்தைக் காய்ச்சி ஊத்துவோம். ஆலை லீவு விட்டா அவன் வீட்டு மேசையில சண்டை. அங்க வருஷம் எப்பவும் ஆயிரத்து எழுநூத்து அம்பதுதான். இருபத்தாறு வருஷம் அடிச்சுக்கிட்டோம்.”

“அப்புறம்?”

“ஒன்பது வருஷமா பேச்சில்ல.”

குரு டப்பாவிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்துப் பார்த்தார்.

“பாலத்துச் சண்டை. நான் ஜெயிக்கிற கட்டம். கை கழுவிட்டு வரேன், அவன் பீரங்கி ரெண்டு விரற்கடை முன்னால நிக்குது. பாலத்தைக் குறி வெச்சுக்கிட்டு.”

“தள்ளினதைப் பார்த்தீங்களா?”

“மேசைத் துணியில சக்கரம் நின்ன பள்ளம் இருந்துச்சு மாஸ்டர். பழைய இடத்துல.”

“கேட்டீங்களா?”

“அவனா சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

“சொன்னாரா?”

“போன மாசம் செத்துட்டான்.”

சவரிநாதன் கையிலிருந்த தூரிகையைக் கழுவி வைத்தார்.

“சாவுக்குப் போனீங்களா?”

“தெருமுனை வரைக்கும் போனேன்.”

கலிவரதன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நேத்து அவன் சம்சாரம் இந்த டப்பாவைக் கொண்டாந்து குடுத்துச்சு. மிச்சத்தைக் கலியே முடிச்சுக்குவான்னு சொல்லச் சொன்னானாம். முடிச்சுக்குவானாம்! நான் என்ன அவன் வீட்டுக் கூலியாளா?”

“அதனாலதான் சிவப்பா?”

“எங்க சட்டத்துல இருக்கு. சரணடைஞ்ச பட்டாளத்துக்கு ஜெயிச்சவன் தன் நிறத்தை அடிச்சுக்கலாம். அவனும் கையெழுத்துப் போட்டிருக்கான்.”

குரு எழுந்துபோய் தின்னர் டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“கழுவறதுக்கு முன்னால ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்க ஐயா. அந்த நாட்டுப் பட்டாளம் எப்படி நிக்கும்னு பார்க்கிறேன்.”

கலிவரதன் நிறுத்தினார். எட்டு எட்டாக மூன்று வரிசை. விரல்கள் யோசிக்காமல் வேலை செய்தன. மூன்றாவது வரிசையில் கை நின்றது. அந்த எட்டுச் சிப்பாய்களின் மார்பிலும் வெள்ளைக் கோடு நெளிந்திருந்தது.

“என்ன ஐயா?”

“அவன் கோடு போட்டா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்.”

மீதியையும் நிறுத்தி முடித்தார்.

“ஆதிமூலம் எந்தப் பக்கம் உட்காருவார்?”

“பட்டாளத்துக்குப் பின்னால. தோ, அங்க.”

“அங்க உட்காருங்க.”

“அவன் இடத்துலயா?”

“உட்காருங்க.”

கலிவரதன் முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

“என்ன தெரியுது?”

“முதுகு. தோல்பை. பின்னின சடை.”

“அவரோட மத்தப் பட்டாளங்களுக்கு முகம் நல்லா இருக்குமா?”

“அதுல மட்டும் குறை சொல்ல முடியாது. முதல் பட்டாளத்துல மூணாவது ஆளுக்கு மாறுகண். முரசு அடிக்கிறவனுக்கு அம்மைத் தழும்பு. கொடிக்காரன் அப்படியே எங்க ஆலை மேஸ்திரி. அவனைச் சுடறதுன்னா எனக்கு அவ்வளவு சந்தோஷம்.” சிரிக்கப் போனவர் வாயை மூடிக்கொண்டார்.

“உங்க சிப்பாய்ங்க?”

“ரெண்டு புள்ளி வெச்சு அதுதான் கண்ணும்பேன். ‘என்னடா கலி, எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்களா’ன்னு கேட்பான். சண்டை தொடங்கறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் கேட்பான்.”

“அதுக்குத்தான் இங்க வந்தீங்களா?”

கலிவரதன் ஒரு சிப்பாயின் தொப்பியை விரலால் துடைத்தார்.

“இந்த ஆறு வருஷத்துல நீங்க போட்ட முகத்தையெல்லாம் யார் பார்த்தாங்க?”

கலிவரதன் மேசைக்கு மறுபக்கம் பார்த்தார். ஆதிமூலம் வீட்டு மேசையில் அவர் உட்கார்ந்து சண்டை போட்ட பக்கம் அது. அங்கே யாரும் இல்லை.

“பீரங்கியைத் தள்ளினான் மாஸ்டர்,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“தள்ளியிருப்பார்.”

குரு தின்னர் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார். ஓட்டுத் துண்டு ஒன்றில் காவியும் வெள்ளையும் விட்டுத் தோல் நிறத்தைக் குழைத்தார். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து ஓட்டின்மேல் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை மறுபக்கம் இழுத்துப் போட்டார்.

கலிவரதன் எழுந்து சுற்றி வந்து அதில் உட்கார்ந்தார். இருபத்துநான்கு கறுப்பு முகங்கள் அவர் எதிரே நின்றன.

தூரிகையை எடுத்தார். வெகுநேரம் தொடாமலே வைத்திருந்தார்.

“எந்த முகம் போடறது மாஸ்டர்? அவன் ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே.”

“அவர் உட்கார்ந்த பக்கத்துல இருந்து தெரியறது முதுகுதான் ஐயா. இது உங்களைப் பார்க்கப் போற முகம்.”