தவளை கத்திய கணக்கு

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் பத்தே பேர். செல்போன் மூன்று, மூன்றிலும் பின்னக் கணக்கு விளையாட்டு. "அரை மணி நேரம் ஆடுங்க. எந்தக் குழு அதிகமா கத்துக்குதோ, அந்தக் குழு நாளைக்கு என்னோட வேன்ல திருச்சி கோளரங்கம் வருது!" என்று ஜெயசீலி டீச்சர் சொன்னாரோ இல்லையோ, வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது.

சனிக் கோளின் வளையத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது செங்கனியின் நெடுநாள் ஆசை. ஆனால் பின்னம் என்றாலே அவளுக்கு வேப்பங்காய்!

பிள்ளைகளே குழு சேர்ந்தார்கள். டியூஷன் போகும் கிருபாகரனை ஐந்து பேர் மொய்த்துக்கொண்டார்கள். முகுந்தன், "எனக்கு யாரும் வேணாம்ப்பா" என்று ஒரு செல்லோடு ஜன்னலோரம் போய்விட்டான். மிச்சம் செங்கனி, ரெபேக்கா, நூர்ஜஹான்.

அந்த விளையாட்டில் ஒரு குறும்பு உண்டு. தப்பான விடையைத் தொட்டால் தவளை கத்தும். மதிப்பெண் குறையாது, சரியான விடை வரும்வரை தொட்டுக்கொண்டே இருக்கலாம்.

கிருபாகரன் ஒருவனே தொட்டான், மற்ற ஐவரும் "சூப்பர்டா!" என்று கூவினார்கள். அவர்கள் தவளை கடைசிவரை வாயே திறக்கவில்லை. முகுந்தன் விறுவிறுவென்று தட்டினான். அவன் தவளை முதல் நிமிடம் கத்தியது போலவே கடைசி நிமிடமும் கத்திற்று.

மூன்று பெண்களோ செல்லைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடினார்கள். மூவரும் ஒப்புக்கொள்ளாமல் விரல் வைக்கக்கூடாது என்று ரெபேக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். அப்படியும் தொடக்கத்தில் தவளை ஓயாமல் கத்த, வகுப்பே சிரித்தது. செங்கனிக்கு மானமே போயிற்று.

"ஏய், கீழே இருக்கிற எண் பெரிசானா துண்டு சின்னதாகும்டி!" என்றாள் நூர்ஜஹான்.

"அட ஆமா! அப்போ எட்டுல ஒண்ணைவிட நாலுல ஒண்ணுதானே பெரிசு?" என்று செங்கனி துள்ளினாள்.

கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் தவளை இருக்கிற இடமே தெரியவில்லை.

மணி அடித்தது. ஆறு பேர் குழு தொண்ணூறு, முகுந்தன் எண்பது, மூவர் அறுபது.

"நாங்கதான் முதல்!" என்று குதித்தான் கிருபாகரன்.

"தொண்ணூறை ஆறால வகுத்துப் பாரு, ஆளுக்குப் பதினஞ்சு! என் எண்பதும் என் ஒருத்தனோடது" என்றான் முகுந்தன்.

செங்கனி அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

கதை கேட்டவர்களே, டீச்சர் கொடுத்த வாக்கை மறக்காமல் சொல்லுங்கள்: வேனில் ஏற வேண்டியவர்கள் யார்?

விடை: கிருபாகரன் ஏற்கெனவே தெரிந்ததை ஆடினான், ஐவர் வேடிக்கை பார்த்தார்கள். முகுந்தன் கடைசிவரை குருட்டாம்போக்கில் தட்டினான். கத்தத் தொடங்கி, பிறகு வாயடைத்துப் போனது மூவரின் தவளை மட்டும்தான். தெரியாததைத் தெரிந்துகொண்டவர்கள் அவர்களே. மறுநாள் வேனில் ஜன்னலோர இடம் பிடித்த செங்கனி, சந்தோஷம் தாங்காமல் தவளை மாதிரியே கத்தினாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.