அம்மா வேஷம் போட்ட முள்ளம்பன்றி

தாமரைக் குளத்துக் காட்டில் காத்தாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளைக் கண்டால் எல்லா விலங்குகளும் பத்தடி தள்ளியே நிற்கும். போன கோடையில் ஒரு குரங்கு விளையாட்டாக அவள் முதுகில் தட்டிவிட்டு, மூன்று நாள் கையை ஊதிக்கொண்டே திரிந்தது. அன்றிலிருந்து பத்தடி பதினைந்தடி ஆயிற்று.

அந்தக் காட்டுக்குச் சினிமாக்காரர்கள் வந்து ஒரு மாதம் படம் பிடித்தார்கள். குளத்தின் நடுவில் ஒற்றைக்காலில் நின்ற தவசிக் கொக்கு அத்தனையையும் கண்கொட்டாமல் பார்த்தார். அவர்கள் லாரி ஏறிய மறுநாளே, "நாமும் ஒரு படம் எடுப்போம்! நான்தான் டைரக்டர்!" என்று அறிவித்துவிட்டார்.

"கேமரா?" என்று கேட்டது ஆமை.

"எல்லாருக்கும் ரெண்டு கண்ணு இருக்கே, போதாதா? கரையில உக்காந்து பாருங்க. ஆனா ஒண்ணு, கேமரா இல்லாத படத்துல ரீடேக் கிடையாது. எல்லாம் ஒரே டேக்!"

சின்னக் கதைதான். காணாமல் போன குட்டியை ஒரு தாய் தேடிக் கண்டுபிடித்துக் கட்டி அணைக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் புலி வந்து, அது தன் இரை என்று வம்பு பண்ணுகிறது. கடைசியில் நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார்.

யாருக்கு என்ன வேஷம் என்று தவசி சொன்னதும் காடே வாயைப் பிளந்தது. புலி வேஷம் அல்லி என்ற புள்ளிமானுக்கு! நீதிபதி வேஷம் குப்பாண்டி நரிக்கு! அந்தக் காட்டில் குப்பாண்டி ஏமாற்றாத ஆளே கிடையாது. குட்டியாக நடிக்கப் பஞ்சு என்ற முயல்குட்டி.

"தாய் வேஷம் காத்தாயிக்கு!" என்றார் தவசி.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "கட்டிப்பிடிச்சு முடிச்சதும் அது முயல்குட்டியா இருக்குமா, சல்லடையா இருக்குமா?" என்று குரங்கு கேட்டது.

பஞ்சுவின் தாய் முயல் மட்டும் சிரிக்கவில்லை. "டைரக்டர் சொல்றதால விடறேன். ஆனா என் பிள்ளை மேல ஒரு கீறல் விழுந்தாலும், அப்புறம் நீ இந்தக் குளத்துப் பக்கமே வரக் கூடாது!" என்றது. மற்றவை எல்லாம் ஆமாம் போட்டன.

காத்தாயியை இதுவரை ஒரு விருந்துக்குக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. "ஐயா, ஆளை மாத்திச் சொல்லிட்டீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். போய் ஒத்திகை பாரு!"

காத்தாயி பார்த்தாள். அப்படியோர் ஒத்திகையை எந்த நடிகையும் பார்த்திருக்க மாட்டாள்! விழுந்து கிடந்த ஒரு பொந்து மரத்துக்குள் தினமும் முன்னும் பின்னும் நுழைந்து, முட்களைப் படியவைத்துப் பழகினாள். கனிந்த நாவல்பழக் கொத்தை மார்போடு அணைத்துப் பழகினாள். முதல் நாள் எல்லாப் பழமும் நசுங்கியது. பத்தாம் நாள் ஒன்றுகூடக் கசங்கவில்லை. அன்று குளத்துக்கு ஓடிவந்து, "ரொம்ப நன்றிங்க ஐயா!" என்றாள். அவள் தினமும்தான் நன்றி சொன்னாள். தவசிக்கே கொஞ்சம் சலித்துப்போனது.

அல்லிக்கு வயிறு எரிந்தது. "என் கண்ணைப் பாருங்க குப்பாண்டியண்ணே! அம்மா வேஷத்துக்குன்னே பிறந்த கண்ணு! எனக்குப் போய்ப் புலியா?"

"எனக்கு மட்டும் என்னவாம்? நேர்மையான நீதிபதியாம்! என் சொந்தக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கவலைப்படாதே, தங்கச்சி. கட்டிப்பிடிக்கிற நேரம் பார்த்துப் புதர்ல இருந்து சிறுத்தை மாதிரி உறுமறேன். காத்தாயி பயந்து முள்ளைச் சிலிர்ப்பா. ஆட்டம் முடிஞ்சுது. அடுத்த படத்துல அம்மா வேஷம் உனக்கு, வில்லன் வேஷம் எனக்கு!"

"குட்டிக்கு..." என்று இழுத்தாள் அல்லி.

"ஒரு முள்ளுதானே? செத்தா போயிடும்?"

அல்லி மேலே கேட்கவில்லை.

ஒரு மாலைப்பொழுதில் கரை நிறைந்தது. "ஆக்‌ஷன்!" என்றார் தவசி. தாய் தேடினாள். குட்டி கிடைத்தது. காத்தாயி முட்களையெல்லாம் படியவைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பஞ்சுவை அணைத்தாள். அவள் வயிறு பஞ்சைவிட மெத்தென்று இருந்தது! "ஐ, நல்லாருக்கே!" என்று வசனத்தில் இல்லாததைச் சொன்னது குட்டி. காத்தாயியின் கண் நிறைந்தது. உடம்பில் மஞ்சள் மண்ணைப் பூசிக்கொண்டு அல்லிப் புலி காட்சிக்குள் வந்தாள்.

அப்போது புதருக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. சினிமாக்காரர்கள் விட்டுப்போன தகர டின்னுக்குள் தலையை விட்டுக் குப்பாண்டி உறுமினான். காடே அதிர்ந்தது!

"சிறுத்தை!" என்று யாரோ அலற, கரை காலியானது. முதலில் ஓடியவள் யார் தெரியுமா? உண்மை தெரிந்த அல்லிதான்! மான் கால் அல்லவா, மூளையைக் கேட்காமலே ஓடிவிட்டது.

காத்தாயியும் நடுங்கினாள். முதுகில் முள் அத்தனையும் குத்திட்டு நின்றது. ஆனால் மார்போடு ஒட்டிய குட்டியை அவள் விடவில்லை. சட்டென்று திரும்பி உறுமல் வந்த பக்கம் முதுகைக் காட்டினாள். "என் பிள்ளையைத் தொட்டுடுவியா நீ?" என்று கத்திக்கொண்டே பின்பக்கமாகப் புதருக்குள் பாய்ந்தாள்!

"ஐயோ! அம்மா!"

டின்னை உதறிவிட்டுக் குப்பாண்டி வெளியே வந்தான். மூக்கில் மூன்று முட்கள்.

ஓடியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாய் முயல் தாவி வந்து குட்டியைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தது. ஒரு கீறல் இல்லை! பதினைந்தடியை மறந்து காத்தாயியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. "உன்னைப் போய் என்னவெல்லாம் சொன்னேன், அக்கா! நான் ஓடினப்ப நீதானே என் பிள்ளைக்கு அம்மாவா நின்ன!" என்று அழுதது.

"நான்தான் உனக்கு நன்றி சொல்லணும், தங்கச்சி. பெத்த பிள்ளையை நம்பிக் கொடுத்தியே!" என்றாள் காத்தாயி. பிறகு குப்பாண்டியிடம் போய், அந்த மூன்று முட்களையும் தன் பல்லாலேயே வலிக்காமல் பிடுங்கினாள்.

"இதுவும் கதையில உண்டா?" என்றது குரங்கு. தவசி இன்னும் 'கட்' சொல்லவில்லை.

குப்பாண்டி வீங்கிய மூக்கோடு நீதிபதிக்கென்று ஒதுக்கியிருந்த பாறையில் ஏறினான். "இந்த வழக்குல குற்றவாளி புலி இல்லை. சிறுத்தையும் வரலை. டின்னுக்குள்ள உறுமினவன் நான்தான்! என் முள்ளைப் பிடுங்கினவங்க வாயால திட்டுகூட வரலை. தண்டனையை அவங்களே சொல்லட்டும்!" என்றான்.

"எனக்கும் தண்டனை உண்டு. எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிட்டிருந்தேன். நல்லவேளை, அம்மா வேஷம் எனக்குக் கிடைக்கலை," என்று தலைகுனிந்தாள் அல்லி.

"தண்டனையெல்லாம் எதுக்கு? அடுத்த படத்துலயும் எல்லாரும் சேர்ந்து நடிப்போம். என்னையும் கூப்பிடுங்க, அது போதும்," என்றாள் காத்தாயி. பிறகு தவசியைப் பார்த்து, "ஐயா, எனக்கு இந்த வேஷம் பொருந்தும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"கரையில நிக்கிறவங்களுக்குத் தண்ணி குடிக்கிறவங்க முதுகுதான் தெரியும். நான் நடுக்குளத்துல நிக்கிறவன். எனக்கு முகம் தெரியும். உன் வாய்க்கு நேரா தவளைக்குஞ்சு வந்தா, அது நகர்ற வரைக்கும் தாகத்தோட காத்திருப்ப. குப்பாண்டி தண்ணியில தன் முகத்தைப் பார்த்து வெட்கப்படுவான். வெட்கம் இருக்கிறவன் நீதிபதி ஆகலாம்."

"அப்ப என்னை ஏன் புலியாக்கினீங்க?" என்றாள் அல்லி.

"அதைத் தனியாச் சொல்றேன்," என்று தவசி இருமினார். "கட்! படம் முடிஞ்சுது!"

கரை ஆரவாரித்தது. பஞ்சு மறுபடி ஓடிவந்து காத்தாயியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

"படம் முடிஞ்சுதுடா கண்ணு, அம்மாகிட்டப் போ."

"முடியட்டுமே!" என்றது குட்டி.

காத்தாயி முட்களைப் படியவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு!

முதுகை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்காமல், முகம் பார்த்து ஓர் இடம் கொடுங்கள். அந்த நன்றிக்காகவே அவர்கள் அந்த இடத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.