சலங்கை மங்குது

“இன்னும் சரியாகல டீச்சர்” என்றார் ஆவுடையப்பன்.

“எது சரியாகல?” செலின் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டார்.

“மேல வர்ற சத்தம். சலங்கை, ஜால்ரா, வயலின் உச்சத்துக்குப் போற இடம். எல்லாத்து மேலயும் யாரோ போர்வையப் போத்திவிட்ட மாதிரி மங்கலா இருக்கு.”

“ஒரு பாட்டை முழுசாக் கேட்டீங்களா?”

“எங்க கேக்க? பாதியிலயே எரிச்சல் வந்துருது.”

“முழுசாக் கேட்டுட்டு வாங்க.”

அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அனல் மின் நிலையத்தில் டர்பைனுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். இரைச்சலில் கழிந்த வாழ்க்கைக்கு ஈடாக அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சேர்த்து வைத்திருந்த சிடி அத்தனையையும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கண்ணை மூடினால் கச்சேரியின் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும்.

செலின் சென்னை ஸ்டூடியோக்களில் பல வருஷம் ஒலிப்பதிவு செய்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவர். வீட்டின் முன்னறையில் ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்தார். ஆவுடையப்பனுக்கு மகள் வயதுதான். ஆனாலும் அவர் வாய் நிறைய டீச்சர் என்றே கூப்பிட்டார்.

முதலில் அவர் எல்லாவற்றையும் எம்பி3யாக ஏற்றியிருந்தார்.

“எம்பி3ல இடம் மிச்சமாகும். ஆனா சத்தத்துல கொஞ்சம் வெட்டிப் போட்டுரும்” என்றார் செலின். “ஃப்ளாக்ல ஏத்துங்க. உள்ளது உள்ளபடி இருக்கும்.”

ஏற்றிய அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார். சிடியைப் போடுவதும் எடுப்பதுமாக ஒரு கோடைகாலமே போயிற்று.

சலங்கை மங்கலாகவே இருந்தது.

கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைச் சுத்தமாக மாற்றித் தரும் தனிக் கருவி ஒன்று வாங்கினார். மங்கல். வயரை மாற்றினார். மங்கல். வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையை நிறுத்தி வைத்தார். வெக்கைதான் ஏறியது.

வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் மனைவி வடிவு சட்னி அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார்.

“பாட்டுக் கேக்கியளா, இல்ல பாட்ட ரிப்பேர் பாக்கியளா?” என்று ஒருநாள் கேட்டார் வடிவு.

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியாட்டாப் போகுது. நாளைக்கு மாவாட்டணும். அதையும் பக்கத்து வீட்டுக்கா தூக்கிட்டுப் போவேன்?”

ஆவுடையப்பன் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் பிடித்தபடி செலின் வீட்டு வாசலில் நின்றார்.

“நீங்களே உங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க டீச்சர்.”

செலின் போட்டார். பரதநாட்டியப் பதிவு ஒன்று. சுவரில் சாய்ந்து கேட்டார். மெல்லத் தலையாட்டினார்.

“சலங்கை நல்லா இருக்கே. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக் கேக்கு.”

ஆவுடையப்பனுக்கு இங்கேயும் அதே போர்வைதான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதா? இவரை நம்பியா இத்தனை நாளும் அல்லாடினோம்?

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க ஸ்பீக்கரும் சரியில்ல.”

செலின் கோபித்துக்கொள்ளவில்லை. ஆவுடையப்பன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வாரேன்.”

வந்தார்.

அறைக்குள் கால் வைத்ததுமே அவர் புருவம் சுருங்கியது. ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவில்லை. கருவியைக் காட்டினார், வயரைக் காட்டினார், ஜன்னல் மெத்தையைக் காட்டினார்.

அறையின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது.

“உக்காருங்க டீச்சர். இந்த இடத்துலதான் ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் சமமா வந்து சேரும்.”

“வீட்ல அம்மா எங்க?”

“அவ அடுப்படியில. இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா. பாட்டுன்னாலே ஆகாது.”

“கூப்பிடுங்க.”

“எதுக்கு டீச்சர்? கோளாறைப் பாப்போம்.”

“கூப்பிடுங்க அண்ணாச்சி.”

வடிவு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நிலைப்படியில் நின்றுவிட்டார்.

“உள்ள வாங்கம்மா” என்றார் செலின்.

“வேண்டாம் டீச்சர். அந்த விசில் சத்தம் எனக்கு மண்டையக் குடையும்.”

“என்ன விசில்?” என்றார் ஆவுடையப்பன்.

“அதான், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள ஓயாமக் கேக்கே. கீச்சுன்னு.”

“இதுவா? இன்னும் பாட்டே போடலயே. ஒரு சத்தமும் இல்லாம கம்முனு கெடக்கு.”

வடிவு செலினைப் பார்த்தார். செலின் தரையைப் பார்த்தார்.

“டீச்சர்...” ஆவுடையப்பன் குரல் இறங்கியது. “உங்களுக்குக் கேக்குதா?”

“உள்ள வந்ததுலருந்து கேக்கு.”

“சும்மா சொல்லாதீங்க.”

“சுவத்தப் பாத்து நில்லுங்க அண்ணாச்சி. அம்மா, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

இருவரும் திரும்பி நின்றார்கள். செலின் ஓசைப்படாமல் கம்ப்யூட்டரின் மின்சாரத்தை நிறுத்தினார்.

“அப்பாடா” என்றார் வடிவு.

செலின் மறுபடி போட்டார்.

“தொடங்கிட்டு” என்றார் வடிவு.

நிறுத்தினார். “நின்னுட்டு.” போட்டார். “இந்தா, வந்துட்டு.” வடிவு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஆவுடையப்பன் காதைச் சுவரோடு ஒட்டினார். பிறகு பெட்டியின் முன்னால் மண்டியிட்டு அதோடு ஒட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். காற்றாடி சுற்றும் மெல்லிய உறுமல் கேட்டது. அதற்கு மேல் எதுவுமில்லை. டர்பைன் எடுத்துக்கொண்டு போனது போக மிச்சம் அவ்வளவுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்கிட்ட ஏன் சொல்லல வடிவு?”

“வாங்கின அன்னைக்கே சொன்னேன். பின்னயும் சொன்னேன். கதவுக்கு வெளியில நின்னு சொன்னேன்.”

“எனக்குக் கேக்கலயே.”

“ஆமா” என்றார் வடிவு. “கேக்கல.”

ஜன்னல் மெத்தை மெல்லச் சரிந்து விழுந்தது. யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை.

“அப்ப அந்தச் சலங்கை டீச்சர்?”

“மொதல்லருந்தே இருக்கு அண்ணாச்சி.”

“எம்பி3ல?”

“அதுலயும் இருந்திருக்கும். ஃப்ளாக்ல இன்னும் நல்லா இருக்கு.”

“நேத்தே தெரிஞ்சுதா உங்களுக்கு?”

“சந்தேகப்பட்டேன்.”

“அதை அங்கயே சொல்லியிருக்கலாம்லா?”

“என் ஸ்பீக்கர் சரியில்லன்னு சொன்னீங்களே.”

ஆவுடையப்பனுக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கருவியைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த சிடிகளைப் பார்த்தார். அந்தக் கோடைகாலத்தை நினைத்தார்.

“இவ்வளவும் செஞ்சு வச்சிருக்கேன். உள்ளது உள்ளபடி இருக்குங்கீங்க. எனக்குக் கேக்காதுங்கீங்க. அப்ப இதெல்லாம் யாருக்கு டீச்சர்? சொல்லுங்க. யாருக்கு?”

செலின் கூடத்துக்குப் போனார்.

சாப்பாட்டு மேஜைப் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறையின் நடுவில் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு சத்தமும் சமமாக வந்து சேரும் அந்த இடத்தில் இதைப் போட்டார்.

“விசில் கரண்டு மாத்துற பாகத்துலருந்து வருது. அதை மாத்தணும். அதுவரைக்கும் பெட்டிய அடுத்த ரூம்ல வச்சு, வயரை மட்டும் இங்க இழுத்துக்கோங்க” என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையப்பன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் மிக்ஸி ஓடியது.

மத்தியானத்துக்கு மேல் பெட்டியைத் தூக்கினார். அடுத்த அறையில் வைத்தார். கதவிடுக்கு வழியாக வயரை இழுத்தார். ஸ்பீக்கரில் மாட்டிவிட்டுக் கூடத்தில் வந்து நின்றார்.

“வடிவு. உள்ள வந்து பாரு. விசில் இருக்கா?”

வடிவு தலையை மட்டும் நீட்டினார். பிறகு ஒரு காலை உள்ளே வைத்தார்.

“இல்ல.”

“உக்காரு. அதுல இல்ல, நடு நாற்காலியில.”

அவர் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“என்ன போடட்டும்?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கேட்டபிறகுதான் உறைத்தது. இவளுக்கு என்ன பிடிக்கும்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு பாட்டுகூட நினைவுக்கு வரவில்லை.

“உனக்கு மெல்லிசாப் பிடிக்குமோ? வீணை ஏதாவது?”

“தவில் இருக்கா?” என்றார் வடிவு.

“தவிலா!”

“ஏன், இல்லயா?”

இருந்தது. எப்போதோ வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் கிடந்து, மற்றவற்றோடு கம்ப்யூட்டருக்குள் போன ஒரு தனித்தவில் கச்சேரி. தேடி எடுத்துப் போட்டார்.

முதல் அடி விழுந்ததும் வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் பெருவிரல் தரையில் தட்டத் தொடங்கியது. அப்புறம் கை. அப்புறம் யாரையும் பொருட்படுத்தாத ஒரு தலையாட்டல். இந்த முகத்தை ஆவுடையப்பன் பார்த்ததே இல்லை.

அவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொறுக்க முடியவில்லை. வடிவு பக்கம் குனிந்தார்.

“வடிவு, மேல் சத்தம் எல்லாம் சுத்தமா வருதா? தாளம் எப்படி இருக்கு? மங்கலா இல்லயே?”

வடிவு கண்ணைத் திறக்கவில்லை.

“கொஞ்சம் பேசாம இருங்க. கேக்க விடுங்க.”