பழமைக் காப்புச் சட்டமும் பதினொரு யானைகளும்

முன்னொரு காலத்தில் உலகத்திலேயே மிகப் பழைய நாடு ஒன்று இருந்தது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மற்ற நாடுகளெல்லாம் அதற்குப் பிறகுதான் பழையவையாக ஆரம்பித்தன. இதைச் சொன்னவர் அந்த நாட்டின் பழமைக் காப்பு மந்திரி வச்சிரநாதர். சொன்னதற்கு அவரே சாட்சியும் சொல்லிவிட்டதால் விசாரணை அத்துடன் முடிந்தது.

அந்த நாட்டை ஆண்டவர் கம்பீரவர்மர். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே, "உங்கள் ஊர் பளிச்சென்று இருக்கிறது. எப்போது கட்டி முடித்தீர்கள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கம்பீரவர்மருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சபையைக் கூட்டினார்.

"வரும் சித்திரையில் அவர் மறுபடியும் வருகிறார். அதற்குள் நம் நகரம் ஐந்நூறு வருடம் பழையதாகிவிட வேண்டும்."

சித்திரைக்கு எட்டு மாதம் இருந்தது.

"ஆகட்டும், மகாராஜா" என்றார் வச்சிரநாதர். எட்டு மாதம் என்பது அவருக்குச் சற்றுத் தாராளமான அவகாசமாகவே பட்டது.

மறுநாளிலிருந்து தண்டோராக்காரனுக்கு ஓய்வில்லை. திங்கட்கிழமை, "நூறு வயது கடந்த கட்டடத்தை யாரும் தொடக் கூடாது" என்று அறிவித்தான். செவ்வாய்க்கிழமை, "ஏற்கெனவே தொட்டவர்கள் தொட்டதை எடுத்துவிட வேண்டும்" என்றான். புதன்கிழமை, "எடுக்கும்போதும் தொடக் கூடாது" என்றான். வியாழக்கிழமை தொண்டை கட்டிப்போய் வீட்டில் படுத்துவிட்டான். அந்த ஒரு நாள்தான் ஜனங்களுக்குச் சட்டத்தில் குழப்பம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மாசிலான் வழக்கம்போல் சந்தைத் தெருவில் அங்கச்சியின் வீட்டு வாசலில் ஆப்பத்துக்கு உட்கார்ந்திருந்தான். மாசிலான் அரண்மனை விதூஷகன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அங்கச்சி சுடும் ஆப்பம் உள்ளே போகாவிட்டால் அவனுக்கு அந்த உத்தியோகம் ஓடாது. அன்று இலை வந்தது, ஆப்பம் வரவில்லை. ஓர் ஓலை வந்தது.

"படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றாள் அங்கச்சி.

மாசிலான் படித்தான். வீட்டுக்கு வயது நூற்றிருபது. பதினான்கு ஓடுகள் மாற்றப்பட்டுள்ளன. அடுப்பங்கரையில் ஒரு ஜன்னல் திறக்கப்பட்டுள்ளது. கட்டியபோது இவை இல்லை. ஆகவே ஓடுகளையும் ஜன்னலையும் நீக்கிவிட்டு, இடையில் நுழைந்தவர்கள் பத்து நாளில் வெளியேற வேண்டும்.

"இடையில நுழைஞ்சவங்கன்னா யாரு?"

"நீங்கதான் அக்கா."

"நல்லா இருக்கே! என் மாமியாரோட மாமியார் கட்டின வீடு. மூணு பிள்ளையும் இந்த அறையிலதான் பெத்தேன். ஒழுகிச்சு, ஓடு மாத்தினேன். புகை கண்ணை எரிச்சுது, ஜன்னல் வெச்சேன். ஒழுகுற வீட்டுல ஒழுகாத மூலையாப் பாத்து ஒண்டிக்கச் சொல்றாரா மந்திரி?"

"ஒண்டிக்கவும் வேண்டாங்கிறாரு. ஆள் இருந்தா பழமை அழுக்காயிடுமாம். தெரு காலியா இருக்கணுமாம், வர்ற ராஜாவெல்லாம் நடந்து நடந்து பாக்கணுமாம்."

"அவரு வீடும் இதே தெருக் கோடியிலதானே இருக்கு?"

"அவர் இருக்கிறது மாளிகையாம். நீங்க இருக்கிறதுதான் பழமையாம்."

அங்கச்சி அடுப்பைப் பார்த்தாள். "இந்த அடுப்பை விட்டா எனக்கு வேற பிழைப்பு இல்ல தம்பி. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

மாசிலான் காலி இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

"இன்னும் ஊத்தவே இல்லையே, எங்க கிளம்பிட்டீங்க?"

"சபைக்குப் போயிட்டு வந்து சாப்பிடறேன் அக்கா."

சபையில் வச்சிரநாதர் அவனுக்காகவே காத்திருந்தார். அவருக்கு மாசிலான்மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். அவர் நாற்பது ஓலை அறிக்கை வாசித்தால் மகாராஜா தூங்குவார். மாசிலான் தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிப்பார். ஆகவே மாசிலான் அங்கச்சிக்காக வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, இந்தச் சட்டத்தை நிறைவேற்ற ஒரு மீட்பு அதிகாரி வேண்டும். ஊரின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவர், சந்தைத் தெருவில் தினமும் கை நனைப்பவர் மாசிலான் ஒருவரே. அவரையே நியமிக்க வேண்டுகிறேன். பத்து நாளில் பணியைத் தொடங்காவிட்டால் அவர் நாட்டை விட்டு வெளியேறட்டும்."

"அருமையான யோசனை!" என்றார் மகாராஜா. அவருக்கு எல்லா யோசனையும் முதலில் அருமையாகத்தான் தோன்றும்.

மாசிலானுக்குக் கண்ணி தெரிந்தது. தன் கையாலேயே அங்கச்சியின் அடுப்பை அணைக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அவன் வணங்கி நின்றான்.

"கட்டளையைத் தலைமேல் ஏற்கிறேன். அடியேனுக்குச் சில சந்தேகங்கள். எந்தக் கட்டடத்தில் தொடங்குவது?"

"வயதில் மூத்ததில்" என்றார் வச்சிரநாதர்.

"மூத்தது எது?"

மந்திரி அரசர் பக்கம் திரும்பி இடுப்பு வளையக் குனிந்தார். "இதுவும் ஒரு கேள்வியா? நம் மகாராஜாவின் அரண்மனையை விட மூத்த கட்டடம் மூவுலகிலும் இல்லை. சூரிய பகவானே இறங்கி வந்து இதை எழுப்பிக் கொடுத்த வரலாறு தென்வாசல் கல்வெட்டில் இருக்கிறது."

மகாராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

"மீட்பது என்றால் எந்த நிலைக்கு?"

"கட்டியவன் எதற்காகக் கட்டினானோ, அந்த நிலைக்கு. நடுவில் நுழைந்தது எதுவாக இருந்தாலும் வெளியேற வேண்டும்."

"யாருக்காவது விலக்கு உண்டா?"

"ஒருவருக்கும் இல்லை! என் மாளிகையையே பாருங்கள். மூன்று தலைமுறையாக ஓர் ஓடு மாறவில்லை. ஓடு மாற்றுவதெல்லாம் பொறுமையற்றவர்களின் வேலை. ஒழுகினால் என்ன? மழை என்றைக்கும் நிற்காமல் பெய்யப் போகிறதா?"

சபை கை தட்டியது. மகாராஜா முத்திரை வைத்தார்.

தென்வாசல் கல்வெட்டை அந்த ஊரில் எல்லாரும் கும்பிட்டிருக்கிறார்கள். ஒருவரும் படித்ததில்லை. படிக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு எண்ணெய்க் காப்பு, மஞ்சள், அதன்மேல் குங்குமம். ஐந்து தலைமுறையாகப் பூசிப் பூசி, எழுத்தெல்லாம் உள்ளே போய், கல் முழுகாமல் இருப்பதுபோல் உப்பியிருந்தது. சில பெண்கள் பிள்ளை வரம் வேண்டி அதில் தொட்டில்கூடக் கட்டியிருந்தார்கள்.

அன்று பொழுது சாய மாசிலான் தேங்காய் நாரும் அரப்புத் தூளும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லைத் தேய்த்தான். காவலர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி தேய்த்தால் அது பராமரிப்பு. எழுத்து தெரியத் தெரியப் படித்தான். படித்து முடித்ததும் கல்லுக்கு முதல்முறையாக மனதாரக் கும்பிடு போட்டான். மறுபடியும் மஞ்சளை அப்பி மூடிவிட்டு, நேராக யானைப் பாகன் கொம்பையனிடம் போனான்.

"அண்ணே, கையில எத்தனை யானை இருக்கு?"

"பதினொண்ணு."

"எல்லாம் படி ஏறுமா?"

"ஏறும். இறங்கத்தான் கொஞ்சம் யோசிக்கும். ஏன் கேக்குறே?"

"சும்மா, அரசாங்க வேலை" என்றான் மாசிலான்.

பத்தாம் நாள் காலை கம்பீரவர்மர் கண் விழித்தபோது தலைக்கு அடியில் தலையணை இல்லை. அது பட்டத்து யானை மங்கலையின் துதிக்கையில் இருந்தது. மங்கலைக்குப் பின்னால் இன்னும் பத்து யானைகள் பள்ளியறைக்குள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மாசிலான் கையில் ஓலையுடன், "நீ அந்தத் தூண் பக்கம், நீ கண்ணாடி பக்கம்" என்று இடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"மாசிலா! என்ன இது?"

"யானை, மகாராஜா."

"அது தெரிகிறது! இங்கே எதற்கு?"

"மீட்புப் பணி இன்று தொடக்கம். நாற்பது வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது. மீதிக்குப் பக்கத்து நாட்டு ராஜாவிடம் ஆள் அனுப்பலாமா?"

ஒரு குட்டி யானை கட்டிலை முட்டி, மகாராஜாவைச் சுவரோரம் ஒதுக்கியது. "வச்சிரநாதரைக் கூப்பிடு!" என்று அவர் அலறினார்.

வச்சிரநாதர் ஓடி வந்தார். "ராஜத் துரோகம்! சிறையில் தள்ளுங்கள் இவனை!"

"தள்ளட்டும்" என்றான் மாசிலான். "அதற்கு முன் தாங்கள் தென்வாசல் கல்வெட்டை மகாராஜாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். நாட்டில் பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர் தாங்கள்தானே?"

எல்லாரும் தென்வாசலுக்குப் போனார்கள். நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினார்கள். வச்சிரநாதர் தொண்டையைச் செருமி, வாசல் அதிரத் தொடங்கினார்.

"ஸ்வஸ்தி ஸ்ரீ! இக்கொட்டில்..."

அத்துடன் குரல் கம்மியது.

"மேலே படியும்" என்றார் மகாராஜா.

"இக்கொட்டில்... யானை நாற்பது கட்ட எடுப்பித்தது."

"இன்னும் இரண்டு வரி இருக்கிறதே, மந்திரியாரே" என்றான் மாசிலான்.

"இத்தென்வாசல்..." வச்சிரநாதர் கல்லுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "சாணம் அள்ளுவார் வந்து போகும் வாசல். ஏனையோர் மேலைவாசல் புகுக."

இருபது வருடமாக மகாராஜா வெண்கொற்றக் குடையும் எக்காளமுமாக அந்த வாசல் வழியாகத்தான் பவனி போய் வந்துகொண்டிருந்தார்.

"அப்படியென்றால்," என்றார் மகாராஜா மெதுவாக, "பள்ளியறைச் சுவரில் நான் அங்கவஸ்திரம் மாட்டுகிற இரும்பு வளையம்?"

"யானைக்குச் சங்கிலி மாட்டுகிற வளையம், மகாராஜா."

அந்த நேரம் பார்த்துப் பள்ளியறைக்குள்ளிருந்து தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கொம்பையன் வெளியே எட்டிப் பார்த்து, "மங்கலை போட்டுட்டா. எந்த வாசல் வழியா அள்ளிக்கிட்டு வரட்டும்?" என்று கேட்டான்.

மகாராஜாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு. அப்புறம் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, கிரீடம் உருண்டு போனதுகூடத் தெரியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். உள்ளே யானைகள் மிரண்டு பிளிறின.

"சரி, இனி நான் எங்கே படுப்பது?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சட்டப்படி தாங்கள் இடையில் நுழைந்தவர். தங்களுக்கான பத்து நாள் அவகாசமும் இன்றோடு முடிகிறது."

மகாராஜா இன்னொரு சுற்றுச் சிரித்தார். அது அடங்கியதும் மாசிலான் சொன்னான்:

"தங்கள் முன்னோர் ஒருவர் யானைகளை வெளியேற்றி, ஜன்னல் திறந்து, ஓடு மாற்றி இங்கே குடியேறினார். அன்று முதல் யாராவது ஒருவர் ஒழுகிய இடத்தை அடைத்துக்கொண்டே இருந்ததால்தான் இது நிற்கிறது. வடக்கே இதேபோல் இன்னொரு கொட்டில் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை."

"எங்கே அது? நான் பார்த்ததே இல்லையே?"

"அதோ, எருக்கஞ்செடி தெரிகிறதே, அதுதான் மகாராஜா."

மகாராஜா எருக்கஞ்செடியைப் பார்த்தார். பிறகு தண்டோராக்காரனை அழைத்தார். "குடியிருப்பவர்கள் குடியிருக்கட்டும். ஒழுகினால் ஓடு மாற்றட்டும், புகைந்தால் ஜன்னல் வைக்கட்டும். இடிப்பதற்கு மட்டும் என்னைக் கேட்க வேண்டும். இதைப் போய்ச் சொல்."

"திருத்தம் உண்டுங்களா?" என்று கேட்டான் தண்டோராக்காரன் தொண்டையைத் தடவியபடி.

"கிடையாது."

"பக்கத்து நாட்டு ராஜா வந்தால்?" என்று வச்சிரநாதர் ஈனசுரத்தில் கேட்டார்.

"சந்தைத் தெருவுக்குக் கூட்டிப் போவோம்" என்றார் மகாராஜா. "நூற்றிருபது வருட வீட்டில் உட்கார்ந்து சூடாக ஆப்பம் சாப்பிடட்டும்." தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலானுக்குப் போட்டார்.

"இது எத்தனை வருடப் பழையது, மகாராஜா?"

"நேற்றுதான் வந்தது."

"அப்பாடா! அப்படியானால் தைரியமாகத் தொடலாம்" என்றான் மாசிலான். மகாராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை தூறலில் மாசிலான் அங்கச்சியின் வீட்டுக் கூடத்தில் நாலாவது ஆப்பத்தில் இருந்தான். தெருக்கோடியில் ஓடு உரசும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். மாளிகைக் கூரையின்மேல் வச்சிரநாதர். வேட்டி தொடைக்கு மேல், கக்கத்தில் ஓர் ஓடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேலைக்காரர்களையெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பியிருந்தார்.

"மந்திரியாரே! மேலே என்ன செய்கிறீர்கள்?"

"மழையைப் பார்வையிடுகிறேன்" என்றார் வச்சிரநாதர்.

மாசிலானின் நாக்கு நுனியில் ஏழு பதில்கள் முட்டி மோதின. அங்கச்சி அவன் கையில் ஐந்தாவது ஆப்பத்தை வைத்தாள்.

"சும்மா இருங்க தம்பி, மனுசன் விழுந்துடப் போறாரு." அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். "ஐயா! அந்தப் பக்கம் கால் வைக்காதீங்க, கட்டை உளுத்திருக்கும். முகட்டைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. மேல் ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, அதுக்கு அடியில சொருகணும்."

வச்சிரநாதர் காலை எடுத்து முகட்டுப் பக்கம் வைத்தார். மேல் ஓட்டைக் கொஞ்சம் தூக்கினார். அதற்கு அடியில் சொருகினார்.