கண்படாத அடுப்பு

மிராசுதார் அர்த்தநாரிக்கு ஒரே பயம், தன் சாப்பாட்டில் ஊரார் கண் பட்டுவிடும் என்று. அதனால் சமையல்கட்டில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுகச் சாத்திய பிறகுதான் விறகடுப்பை மூட்டலாம். கூரைக்கு மேலே புகைபோக்கி கம்பீரமாக நின்றது. புகை மட்டும் அதன் பக்கமே போகாமல் வீட்டைச் சுற்றி வந்தது.

"ஜன்னலைத் திறந்தா புகை மேல போயிடும், எசமான். உள்ளே காத்து வரணும்" என்றாள் சமையற்காரி பொன்னுருவி.

"புகை வெளியே போகணும்னா காத்தை எதுக்கு உள்ளே விடணும்? நாளைக்குச் சம்பந்தி விருந்து. கூடத்துக்குப் புகை வந்தா உனக்கு வேலை இல்லை!"

மறுநாள் இலை போட்டதும் புகையும் பந்திக்கு வந்துவிட்டது. சம்பந்தி கண்ணைக் கசக்கினார். மிராசுதார் பொன்னுருவியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எசமான், மூச்சை உள்ளே இழுக்காம வெளியே மட்டும் விட்டுக்கிட்டே இருங்க. அதைப் பார்த்துப் புகைபோக்கிக்கும் கத்துக்குடுத்துடறேன்."

சம்பந்திக்கு முன்னால் முடியாது என்பாரா? கன்னம் உப்ப ஊதினார். முகம் சிவந்தது, மீசை துடித்தது. கடைசியில் வாயைப் பிளந்து இழுத்தார், இழுத்ததெல்லாம் புகை.

"ஜன்னலைத் திற!" என்று இருமினார்.

திறந்தாள். புகை ஒழுங்காக மேலே போயிற்று.

அன்றிலிருந்து அந்த ஜன்னலைச் சாத்துவதில்லை. திருஷ்டிக்காக ஒரு பூசணிக்காய் மட்டும் அதில் தொங்குகிறது. அதில் முகம் வரைந்தவள் பொன்னுருவி. கன்னம் உப்பி, மீசை துடிக்கிற அந்த முகம் யாருடையது என்று மிராசுதார்கூடக் கேட்கவில்லை.