சனிக்கிழமைப் படம்

பொள்ளாச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பூங்கோதை கேமரா சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை காலை மட்டும் வகுப்பு. முப்பத்து நான்கு வயது அவளுக்கு. பேச்சு குறைவு. ஒரு கேள்விக்குப் பதில் வர, சில சமயம் அடுத்த சனிக்கிழமை வரை ஆகும்.

அவளிடம் படித்தவர்கள் எல்லாரும் கல்யாண ஆர்டர் பிடிக்கும் கனவோடு வந்தவர்கள். வசந்தாமணி மட்டும் வேறு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அறுபத்தெட்டு வயது. புதுக் கேமராவை அதன் பெட்டியோடே தூக்கிக்கொண்டு படியேறி வந்திருந்தாள்.

"முன்னாடி எடுத்துப் பழக்கம் உண்டுங்களாம்மா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"ஃபிலிம்ல நிறைய எடுத்திருக்கேனுங்க டீச்சர். ஊர்ல கழுவிக் குடுத்த கடைசி ஸ்டூடியோவை மூடுனாங்க. நானும் கேமராவை மூடிட்டேன். இருபது வருஷம் ஆச்சு."

"இப்ப எதுக்கு மறுபடியும்?"

"எங்கக்காவை ஒரு படம் எடுக்கோணும்."

"ஒரு படமா?"

"ஒண்ணு போதும்."

அக்கா தெய்வாத்தாளுக்கு எண்பது ஆகப்போகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை; முறுக்கைக் கடித்தே தின்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

போன தை மாதம் பங்காளி வீட்டு எழவுக்குத் தங்கையோடு போய்வந்த அக்கா, குளித்து முடித்த தலையோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"மாலை போட்டு வச்சிருந்தாங்களே, அந்தப் படத்தைப் பார்த்தியா? ஏதோ கல்யாணத்துல கூட்டமா நின்னு எடுத்ததுல இருந்து வெட்டியிருக்காங்க. அவர் தோள் மேல யாரோட கையோ இருக்குது. யாரு கை, யாரு கைன்னு யோசிச்சு யோசிச்சு, நான் அழுகவே மறந்துட்டேன் புள்ள."

வசந்தாமணி சிரித்தாள்.

"சிரிக்காத. என்ற படத்தை நான் பார்த்துட்டுத்தான் போவேன். நீயே எடு. நல்லா வந்ததும் ஃபிரேம் போட்டு வச்சிரலாம். அதோட எனக்கு ஒரு வேலையும் பாக்கி இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை வசந்தாமணியின் காதைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் கேமரா வாங்கினாள். அக்கா சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை.

முதல் வகுப்பில், பட்டனை அழுத்தும்போதெல்லாம் அவளுடைய கட்டைவிரல் தானாக வலது ஓரத்துக்குப் போனது. ஃபிலிமைத் தள்ளும் லீவரைத் தேடியது. வெறும் காற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது.

மெமரி கார்டைக் கழற்றச் சொன்னபோது கேமராவை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, தடவித் தடவிக் கழற்றினாள்.

"எதுக்குங்க மூடிக்கிறீங்க, கேமராவுக்குக் குளிருதுங்களா?" என்றான் பின்னால் இருந்த ஒருவன்.

"வெளிச்சம் பட்டுரும் சாமி."

வகுப்பே சிரித்தது. வசந்தாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதை சிரிக்கவில்லை. கார்டை வாங்கி, ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் வைத்தாள். வகுப்பு முடியும்வரை அது அங்கேயே கிடந்தது. பிறகு கம்ப்யூட்டரில் செருகினாள். எல்லாப் படங்களும் அப்படியே இருந்தன.

வசந்தாமணி கார்டைத் திரும்பக் கையில் வாங்கினாள். சுட்டது.

"அப்ப இருட்டுக்கு இதுல வேலையே இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"பாவம்," என்றாள் வசந்தாமணி.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அக்காவைப் படமெடுத்தாள். தெய்வாத்தாள் பட்டுப் புடவை கட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆதார் எடுக்க வந்தவள் மாதிரி லென்சைப் பார்ப்பாள். எடுத்ததில் தேறியது என்று ஒன்றைச் சனிக்கிழமை வகுப்பில் திறந்து வைப்பாள் வசந்தாமணி. திறந்த கையோடு தானே குறையும் சொல்லுவாள்.

"கண்ணு பாதி மூடியிருக்குதுங்க."

"சரிங்கம்மா," என்பாள் பூங்கோதை.

அடுத்த வாரம், "கழுத்துல நிழல் விழுதுங்க."

"சரிங்கம்மா."

"பின்னாடி காலண்டர் தெரியுது."

"சரிங்கம்மா."

"காலண்டரைக் கழட்டிட்டேன். இப்ப ஆணி தெரியுது."

பூங்கோதை அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆணி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் "சரிங்கம்மா" என்றாள்.

வீட்டில் அக்கா அவ்வளவு பொறுமையாக இல்லை.

"வாரா வாரம் பட்டுக் கட்டி உக்கார வைக்கிற. பொண்ணு பார்க்க வந்தவங்ககூட ஒரே தடவைதான் வந்தாங்க."

"படம் சரியா வரலக்கா."

"மூஞ்சி சரியில்லையா, எடுக்கிறவ சரியில்லையா?"

"எடுக்கிறவதான்."

"அதைச் சொல்லு. அந்த டீச்சரம்மா என்னதான் சொல்லிக்கொடுக்கிறா?"

அதைத்தான் வசந்தாமணியும் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை படத்தைத் தேடி எடுக்கவில்லை. கார்டை அப்படியே பூங்கோதையிடம் நீட்டினாள்.

"எனக்கு ஏன் ஒண்ணுகூட சரியா வர மாட்டேங்குது டீச்சர்? நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பூங்கோதை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நிமிர்ந்த அக்கா, நிமிர்ந்த அக்கா, நிமிர்ந்த அக்கா. ஒவ்வொரு நாளின் படங்களுக்கும் முன்னால் மட்டும் புரியாத இரண்டு படங்கள் இருந்தன. தரையின் ஒரு மூலை. நாற்காலிக் கால். கோணலான கதவு.

"இதெல்லாம் என்னங்கம்மா?"

வசந்தாமணிக்கு வெட்கமாகப் போயிற்று. "அது வேஸ்டுங்க. ஃபிலிம் மாட்டுனதும் முதல் ரெண்டைச் சும்மா அழுத்தித் தள்ளிரோணும். மாட்டும்போது வெளிச்சம் பட்ட பகுதி அது. அதுல படம் விழாது."

"கார்டுல?"

"கார்டுல அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. கைக்குத் தெரியல."

பூங்கோதை அந்த வேஸ்டுகளை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு, பார்க்காமலே அழுத்திய படம். தெய்வாத்தாள் இன்னும் உட்காரவில்லை. வாயில் ஹேர்பின். இரண்டு கையும் பின்னால் கொண்டையில். எதையோ சொல்லிக்கொண்டே, தங்கையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். ஒரு முடிகூடக் கலங்காமல் விழுந்திருந்தது.

பூங்கோதை திரையை வசந்தாமணி பக்கம் திருப்பினாள்.

"இதுல என்ன குறைங்கம்மா?"

வசந்தாமணி பார்த்தாள். அக்காவைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவள் அவள். ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

"கொண்டை போட்டு முடிக்கல."

"அப்புறம்?"

"வாயில பின்னு."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை.

"இது நல்லா இருக்குதுன்னு உங்கக்காகிட்டச் சொன்னா என்ன ஆகும்?"

"மாலை போடுற படம்னு ஃபிரேம் போட்டுருவாங்க."

"போட்டா?"

வசந்தாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

"ஃபிலிம்ல ஒரு நிம்மதி இருந்துச்சு டீச்சர். ரோல் முடிஞ்சா முடிஞ்சது. லீவர் அதுக்கு மேல நகராது. போதும்னு கேமராவே சொல்லிரும். இதுல போதும்னு நான் சொல்லோணும். எங்கக்கா படத்துக்கு நான் எப்படிப் போதும்னு சொல்றது?"

பூங்கோதை அந்தப் படத்தை மட்டும் தன் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் அக்காவைக் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

தெய்வாத்தாள் வந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று, படி கட்டியவனைத் திட்டிவிட்டு ஏறி வந்தாள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மிணி, நேரா கேக்கறேன். இவளுக்குப் படம் எடுக்க வருமா, வராதா?"

பூங்கோதை மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கண்ணாடிக்குள் அந்தப் படம் இருந்தது.

தெய்வாத்தாள் அதைத் தூரமாகப் பிடித்தாள். பிறகு பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அட, இது எங்கம்மா மாதிரியில்ல இருக்குது," என்றாள். பிறகுதான் வாயைப் பார்த்தாள். "ஏம்புள்ள வசந்தா, வாயில பின்னோட என்னை மேல அனுப்பறியா? அங்க இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் ஃபிரேமைக் கீழே வைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "இதுதான். இதையே வச்சுக்கலாம். வேலை முடிஞ்சது."

வசந்தாமணி தன் கேமராவைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். மெதுவாக, ஓசை வராமல் வைத்தாள்.

பூங்கோதை ஃபிரேமை வாங்கிக் கவிழ்த்தாள். பின்பக்கம் ஆணி அடிக்கவில்லை, காகிதம் ஒட்டவில்லை. திருகினால் திரும்பும் சின்னப் பித்தளைத் தகடுகள் நான்கு. நான்கையும் திருகினாள். அட்டை கழன்றது. படத்தை வெளியே எடுத்தாள். மறுபடியும் உள்ளே வைத்து மூடினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னைக்கே ஹால்ல மாட்டுங்கம்மா," என்றாள் தெய்வாத்தாளிடம். "நீங்களே தினமும் பாருங்க. அடுத்த சனிக்கிழமை இதை எடுத்துட்டு வேற வைக்கோணும். அதுக்கடுத்த சனிக்கிழமை அதை எடுத்துட்டு இன்னொண்ணு."

"வாரா வாரமா?"

"வாரா வாரம்."

"ஒவ்வொரு வாரமும் வேற வேற புடவையா?"

"உங்க இஷ்டமுங்க."

தெய்வாத்தாள் மேற்கூரையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டாள். "பீரோவுல கட்டாம கெடக்கிறதே ஒரு அடுக்கு இருக்குது. எல்லாம் கட்டி முடிக்காம இப்போதைக்குக் கிளம்ப முடியாது போல," என்றாள். முறுக்குப் பையைப் பிரித்துப் பின் வரிசைக்கு நீட்டினாள். "எடுத்துக்குங்க சாமி. பல்லு இருக்குதில்ல?"

வசந்தாமணியின் கை பெட்டியின் மூடியில் நின்றிருந்தது.

"அப்படீன்னா டீச்சர்," என்றாள். "மாலை போடுற படம்னு அக்கா கேட்டாங்களே. அது எந்தப் படம்?"

பூங்கோதை ஃபிரேமைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு இதுக்குள்ள எது இருக்குதோ அதுங்கம்மா. அடுத்த சனிக்கிழமை என்ன கொண்டு வர்றீங்க?"